கலோரி கணக்குக்கும் லீவு: கிளம்புவதற்கு முந்தைய வாரம் முதல் திரும்பிய பத்தாம் நாள் வரை

தினமும் சாப்பிடுவதை ஆப்பில் எழுதி வருபவர்கள் விடுமுறைக்குக் கிளம்பும்போது இரண்டு விதமாகச் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் போன இடத்திலும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்க, தட்டில் சூடு ஆறிக்கொண்டிருக்க, இவர்கள் உணவின் பெயரைத் தட்டித் தேடி, வந்த பதினான்கு முடிவுகளில் எது தட்டில் இருப்பதற்குக் கிட்டத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். வேறு சிலர் பெட்டி கட்டும் நாளில் "வந்து பார்த்துக்கலாம்" என்று ஒரேயடியாக விட்டுவிடுவார்கள். திரும்பி வந்து மூன்று வாரம் ஆனாலும் ஆப்பைத் திறக்க மனம் வராது.

கணக்கை நிறுத்துவதும் ஒரு வேலைதான் என்று யாரும் நினைப்பதில்லை. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். மறுபடி தொடங்குவதற்கு நாளும் வேளையும் குறித்திருக்க வேண்டும். நான் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முதல் சில பயணங்களில் தப்பும் தவறுமாகச் செய்து, பிறகு சரியாக வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள். மூன்றாம் படியைத் தாண்டிப் போனவர்கள் பெரும்பாலும் பயணத்தின் இரண்டாம் நாளே ஆப்பைத் திறந்துவிட்டார்கள்.

நான்கு நாள் முதல் இரண்டு வாரம் வரையான பயணங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. உங்களுக்கு இந்த லீவு பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

எடைக்காகவோ உடற்பயிற்சிக்காகவோ எழுதுபவர்கள் நிறுத்தலாம். மருத்துவத்துக்காக எழுதுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

இன்சுலின் போடுபவர்கள் மாவுச்சத்தின் அளவைப் பார்த்து மருந்தளவை முடிவு செய்பவர்களாக இருந்தால், அந்தக் கணக்கு மருந்தின் பாதி. அது நிற்கவே கூடாது. சிறுநீரக நோய்க்காக பொட்டாசியத்தையும் தண்ணீரையும் அளந்து எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்வது உடலில் நீர் தேங்குவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க. இந்த வழிகாட்டியில் பின்னால் "எடை பார்க்காதீர்கள்" என்று வரும் இடம் அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு கூட்டம் உண்டு. முன்பு உணவு தொடர்பான மனநலச் சிக்கலில் இருந்து மீண்டவர்கள், அல்லது ஒரு நாள் எழுதாமல் இருப்பதை நினைத்தாலே நெஞ்சு படபடப்பவர்கள். இவர்களுக்கு லீவு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம். தங்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ இந்தத் திட்டத்தைக் காட்டிப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். படபடப்பு இருக்கிறது என்பதே பேசுவதற்குப் போதுமான காரணம்.

2. முழு லீவா, பாதி லீவா என்று முடிவு செய்யுங்கள்

பத்து நாளுக்குள் முடியும் பயணம் என்றால் முழு லீவு விடுங்கள் என்பேன். எதையும் எழுத வேண்டாம். தண்ணீர், காபி கூட வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டதும் பேரம் பேசுவார்கள்: "காலை உணவை மட்டும் எழுதிக்கிறேனே, அது தெரிஞ்ச உணவுதானே." இதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

காலையில் 450 கலோரி, மதியம் 600 கலோரி எழுதுகிறீர்கள். இரவு வெளியே சாப்பிட்டதை எழுதவில்லை. அந்த நாள் ஆப்பில் 1,050 கலோரி நாளாகப் பதிவாகிறது. அது பாதி நாள்தான் என்று ஆப்புக்குத் தெரிய வழியில்லை. வாரச் சராசரி கீழே இறங்குகிறது. நீங்கள் எழுதும் உணவையும் எடையையும் சேர்த்துப் பார்த்து உங்கள் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியைக் கணிக்கும் ஆப் என்றால் இன்னும் மோசம். 1,050 கலோரிதான் சாப்பிடுகிறார், எடையும் குறையவில்லை, அப்படியானால் இவர் உடல் செலவழிப்பதே மிகக் குறைவு என்று அது முடிவுக்கு வரும். திரும்பி வந்ததும் உங்களுக்கு முன்பைவிடக் குறைந்த இலக்கைத் தரும். தவறு எங்கே நடந்தது என்று தெரியாமலே நீங்கள் பட்டினி கிடப்பீர்கள்.

எதுவுமே எழுதாத நாளில் இந்த ஆபத்து குறைவு. அது வெற்று நாள் என்று உங்களுக்கும் தெரியும், பின்னால் சராசரி எடுக்கும்போது தள்ளிவிடவும் முடியும்.

பத்து நாளுக்கு மேல் போகும் பயணத்தில், அல்லது முழுதாக விட மனம் ஒப்பாதவர்களுக்கு, பாதி லீவு, அதாவது ஒன்றே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. ஒரு தாளில், எத்தனை வேளை புரதம் உள்ள உணவு சாப்பிட்டேன் என்று கோடு போடுவது. ஆப்பில் வேண்டாம், தாளில். எண்ணிக்கை மட்டும். கிராம் வேண்டாம்.

அப்புறம் இன்னொரு முடிவையும் இங்கேயே எடுத்துவிடுங்கள். எடை குறைப்பில் இருப்பவர்கள் பயண நாட்களில் குறைப்பை நிறுத்தி, எடையை அப்படியே வைத்திருப்பதை இலக்காக வையுங்கள். நிறைய நடப்பீர்கள், தூக்கம் முன்னே பின்னே ஆகும், உணவு எங்கும் கண்ணில் படும். அதோடு கலோரிப் பற்றாக்குறையும், அதாவது உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிடுவதும் சேர்ந்தால் மூன்றாம் நாள் மாலையில் பசி தாங்காமல் மொத்தத் திட்டமும் கைவிட்டுப் போகும்.

3. கிளம்புவதற்கு 7 நாள் முன்: எடைச் சராசரி

தினமும் காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில் ஏழு நாள் எடை பாருங்கள். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஒற்றை நாள் எடை எதற்கும் உதவாது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் ஒரு கிலோ மேலே கீழே போவது சாதாரணம். கிளம்பும் அன்று காலையில் பார்த்த எடை அந்த ஊசலின் அடியில் இருந்திருந்தால், திரும்பி வந்து பார்க்கும் எது வேண்டுமானாலும் ஏற்றமாகத் தெரியும். சராசரி கையில் இருந்தால்தான் பத்தாம் படியில் நேர்மையான ஒப்பீடு செய்ய முடியும்.

மாதவிடாய் வருபவர்கள் சுழற்சியின் எந்த வாரத்தில் இந்தச் சராசரியை எடுத்தீர்கள் என்றும் பக்கத்தில் குறியுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கி எடை கூடுவது பலருக்கு உண்டு.

4. கண்ணைப் பழக்குங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆப் இல்லாமல் இருக்கப் பயப்படுபவர்கள் உண்மையில் பயப்படுவது அளவு தெரியாமல் போய்விடுமே என்றுதான். இத்தனை மாதம் உணவைத் தராசில் எடை போட்டதில் உங்கள் கண்ணுக்குப் பாதி அளவு ஏற்கனவே பழகியிருக்கும். மீதிப் பாதிக்கு நான்கு நாள் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். உணவைத் தட்டில் போடுங்கள். தராசைத் தொடாமல், இது எத்தனை கிராம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எடை போட்டு உண்மையான எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். ஊகம் முதலில், எடை பிறகு. எடையைப் பார்த்துவிட்டு "நான் நினைச்சது இதுதான்" என்று சொல்லிக்கொள்வது மனதின் வழக்கம். அதனால் முதலில் எழுதியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்யாதீர்கள், சலித்துவிடும். மூன்றை மட்டும் எடுங்கள்: தட்டில் அதிக இடம் பிடிக்கும் மாவுச்சத்து, புரதம், எண்ணெய். காய்கறியில் ஐம்பது கிராம் தவறினாலும் பெரிய வித்தியாசம் வராது. எண்ணெயில் பத்து கிராம் தவறினால் 90 கலோரி.

எண்ணெய் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு தோழிக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்த அன்று அவளுடைய சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் போல பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஒரு ஸ்பூன்," என்றாள். தினமும் ஆப்பில் எழுதியதும் ஒரு ஸ்பூன்தான். அன்று மட்டும் பாட்டிலை முன்னாலும் பின்னாலும் தராசில் வைக்கச் சொன்னேன். 31 கிராம் குறைந்திருந்தது. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரி சொச்சம். அவள் ஊற்றியது 280 கலோரி. தராசைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அப்புறம் மறுபடி ஒரு காலி வாணலியில் தண்ணீரை வைத்து அதே சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நான்கு தடவை. நான்காவது தடவை 15 கிராமில் வந்து நின்றாள். அந்தக் கை அசைவு அவளுக்கு இன்றும் மறக்கவில்லை.

இந்தப் பயிற்சியோடு உங்கள் கையையும் அளவுகோலாக ஆக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவும் தடிமனும் உள்ள இறைச்சி, மீன் எத்தனை கிராம் வருகிறது? குவித்த கையில் சமைத்த தானியம் எவ்வளவு நிற்கிறது? கட்டைவிரல் அளவு வெண்ணெய் எவ்வளவு? ஒரு பிடி பருப்புக் கொட்டைகள், அதாவது முந்திரி, பாதாம் வகையறா, எத்தனை? பொதுவான அட்டவணைகளில் இதற்கெல்லாம் எண் இருக்கும். உங்கள் கைக்கு உங்கள் தராசில் வந்த எண்தான் உங்களுக்குச் சரி. தராசை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், கை கூடவே வரும்.

நான்காம் நாள் முடிவில் ஊகத்துக்கும் எடைக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் இருந்தால் போதும். ஆப்பில் எழுதும்போதும் வெளிச் சாப்பாட்டுக்கு அதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. ஒரு ஹோட்டல் சமையலறையில் எவ்வளவு எண்ணெய் போனது என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எண் துல்லியமாகத் தெரிவதால் கணக்கும் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம்.

5. வீட்டிலேயே ஒரு நாள் எழுதாமல் இருந்து பாருங்கள்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இதைச் செய்யுங்கள். காலை முதல் இரவு வரை எதையும் எழுத வேண்டாம். வழக்கமான உணவுதான், வழக்கமான நேரம்தான், எழுதுவது மட்டும் இல்லை.

கை எப்போது போனை நோக்கிப் போகிறது என்று கவனிப்பதற்காகத்தான் இந்த நாள். பெரும்பாலும் மூன்று இடங்கள் தெரியவரும்: முதல் கவளம் எடுப்பதற்கு முன், தட்டைக் கழுவிய உடனே, இரவு படுத்த பிறகு. எனக்கு இரவுதான் கஷ்டமாக இருந்தது. நாள் முடிந்தது என்பதற்கான முத்திரையே அந்த மொத்த எண்தான் என்று ஆகிவிட்டிருந்தது. உங்களுக்கு எந்த நேரம் கஷ்டம் என்று தெரிந்தால், பயணத்தில் அந்த நேரத்துக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். இரவில் நான் அன்று பார்த்த மூன்று விஷயங்களைத் தாளில் எழுதினேன். எழுதும் பழக்கம் கைக்கு இருந்தது, அதற்கு வேறு வேலை கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நினைவில் இருந்து நிரப்பிவிடாதீர்கள். அந்த நாள் வெறுமையாகவே இருக்கட்டும். வெற்று நாளை ஆப்பில் பார்த்துப் பழகுவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான்.

6. ஆப்பை அமைதியாக்குங்கள், அழிக்காதீர்கள்

நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முகப்புத் திரையில் மீதிக் கலோரியைக் காட்டும் விட்ஜெட் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆப்பைக் கடைசித் திரைக்குத் தள்ளிவிடுங்கள். தினமும் தொட்ட இடத்தில் அது இல்லையென்றால் கை தானாகப் போவது நிற்கும்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சில ஆப்களில் கணக்குப் பதிவு செய்யாமல் பயன்படுத்தியிருந்தால் பழைய தகவல் போனோடு போய்விடும். தகவல் பத்திரமாக இருந்தாலும், திரும்பி வந்த களைப்பில் மறுபடி இறக்கி, கடவுச்சொல் தேடி, உள்ளே நுழைவது ஒரு தடையாக நிற்கும். மூன்று வாரம் திறக்காமல் போனவர்களில் பலர் இப்படி அழித்தவர்கள்தான்.

விடாமல் எழுதிய நாட்களை எண்ணிக்காட்டும் ஸ்ட்ரீக் பற்றி ஒரு வார்த்தை. "412 நாள் ஆச்சு, அதை எப்படி விடறது" என்று கேட்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காபியை மட்டும் எழுதி எண்ணிக்கையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அது இரண்டாம் படியில் சொன்ன பாதிப் பதிவு. சில ஆப்களில் இடைநிறுத்தும் வசதி உண்டு, இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஐந்தாம் படியின் ஒத்திகை நாளிலேயே ஸ்ட்ரீக் உடையட்டும். வீட்டில், நீங்களே முடிவு செய்து உடைத்தது பயணத்தின் நடுவில் உறுத்தாது.

கையில் கடிகாரம் கட்டுபவர்கள் அதன் கலோரி இலக்கையும் நிறுத்துங்கள். ஆப்பிள் வாட்ச்சில் 2024-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 முதல், அன்றைய இலக்கை எவ்வளவு எட்டினோம் என்று காட்டும் வளையங்களை ஒரு நாளோ ஒரு வாரமோ நிறுத்தி வைக்க முடிகிறது. செலவழித்த கலோரி எண் கண்ணில் பட்டால், சாப்பிட்ட கலோரி எண்ணை மனம் தேடும்.

7. மூன்று விதிகள், அதற்கு மேல் வேண்டாம்

எண்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றுமே வைக்காவிட்டால் முதல் நாள் சுதந்திரமாக இருக்கும், மூன்றாம் நாள் தடுமாற்றமாக இருக்கும். அதனால் எளிய விதிகள் மூன்று வேண்டும்.

நல்ல விதிக்கு ஓர் அடையாளம் உண்டு: இரவில் கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வரவேண்டும். "அளவாகச் சாப்பிடுவேன்" என்பது விதி ஆகாது. எது அளவு என்று தெரிய மறுபடி எண் வேண்டும்.

எனக்கும் நான் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் நின்ற விதிகளைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

- ஒவ்வொரு வேளையும் புரதம் உள்ள ஒன்று தட்டில் இருக்கும். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், இடையில் கொறிப்பது தானாகக் குறையும்.
- ஒரு நாளில் ஒரு வேளை வீட்டில் சாப்பிடுவதைப் போலவே இருக்கும். பெரும்பாலும் காலை உணவு இதற்கு வசதி. மற்ற இரண்டு வேளை எப்படிப் போனாலும் நாள் முழுவதும் சாயாது.
- உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். நடந்துகொண்டே வாயில் போட்டது நினைவிலும் நிற்பதில்லை, வயிற்றுக்கும் எட்டுவதில்லை.
- இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதற்கு முன் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் தயங்காமல் போட்டுக்கொள்வேன்.

மது அருந்துபவர்கள் மூன்றில் ஒரு விதியை அதற்கென்றே வையுங்கள். ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி இருக்கிறது, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. அதைவிட, இரண்டு கிளாஸுக்குப் பிறகு மற்ற இரண்டு விதிகளும் நினைவில் இருக்காது.

மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, எடைச் சராசரி எழுதிய தாளோடு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மூன்று விதியை நினைவில் வைக்க முடியவில்லை என்றால் விதிகள் சிக்கலாக இருக்கின்றன என்று அர்த்தம்.

8. திரும்பும் வேளையை இப்போதே குறியுங்கள்

இதைப் பயணம் முடிந்தபிறகு செய்யலாம் என்று தள்ளுபவர்கள்தான் அதிகம். கிளம்பும் முன்பே செய்யுங்கள்.

எந்த நாள், எந்த வேளை முதல் எழுதத் தொடங்குவேன் என்று குறியுங்கள். வீட்டில் விழித்தெழும் முதல் காலையின் உணவு என்று வைப்பது நல்லது. "திங்கட்கிழமையில இருந்து" என்று வைக்காதீர்கள். வியாழக்கிழமை திரும்பினால் நடுவில் மூன்று நாள் யாருக்கும் சொந்தமில்லாத நாட்களாகிவிடும். வாரக்கணக்காக நீளும் லீவு இந்த மூன்று நாளில்தான் தொடங்குகிறது.

அந்த முதல் உணவுக்கான பொருள் வீட்டில் இருக்க வேண்டும். கெடாத தானியம், உறைபெட்டியில் காய்கறி, முட்டை, எதுவானாலும் சரி. நீங்கள் நூறு முறை எழுதிய, ஆப்பில் ஒரே தொடுதலில் வந்துவிடுகிற உணவாக இருக்கட்டும். களைத்து வந்தவர் புதிதாக எதையும் தேடி எழுத மாட்டார்.

9. பயணத்தில்

கூட வருபவர்களில் ஒருவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இந்த வாரம் நான் எதையும் எழுதப் போறதில்ல. போனை எடுத்தா ஞாபகப்படுத்து." ஒருவர் போதும். எல்லோரிடமும் சொன்னால் ஒவ்வொரு வேளையும் அதுவே பேச்சாகிவிடும்.

பலகாலம் கணக்கு எழுதியவர்களுக்குத் தட்டைப் பார்த்ததும் எண்கள் தானாக மனதில் ஓடும். இருநூறு, முன்னூற்று ஐம்பது, எண்பது. இது வருவதால் லீவு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடக்கப் பார்த்தால் அதிகமாகும். கூட்டாமல் விடுங்கள், அவ்வளவுதான். எண் வந்ததா, சரி. அடுத்து வாயில் இருப்பது உப்பா, புளிப்பா, மொறுமொறுப்பா என்று கவனத்தைத் திருப்புங்கள். எனக்கு நான்காம் நாள் வாக்கில் எண்கள் மங்கிப்போயின.

அடுத்து நான் செய்த தவறு ஒன்று. ஒரு பயணத்தில் எழுதவில்லை, ஆனால் எல்லா உணவையும் போட்டோ எடுத்தேன், திரும்பும்போது எழுதிக்கொள்ளலாம் என்று. வரும் இரவு ரயிலில் மேல் படுக்கையில் சாய்ந்து 63 போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன். நள்ளிரவு தாண்டியது. பாதிக்கு மேல் போட்டோக்களில் உணவின் மேல்பக்கம்தான் தெரிந்தது. அடியில் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, நான் எவ்வளவு மீதி வைத்தேன், எதுவும் தெரியவில்லை. அந்த ஊகங்களைக் கூட்டி வந்த ஒரு மொத்தத்தைப் பார்த்து அன்று தூக்கம் போனது. நல்ல பயணத்தின் கடைசி இரவை அதில் தொலைத்ததில் எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு. போட்டோ எடுங்கள், அழகாக இருப்பதால் எடுங்கள். எழுதுவதற்காக எடுக்காதீர்கள்.

பஃபே என்றால் கையில் தட்டு இல்லாமல் ஒரு சுற்று முழுதாக நடந்து பாருங்கள், பிறகு தட்டை எடுங்கள். தட்டோடு நடந்தால் முதல் ஆறு பாத்திரங்களிலேயே தட்டு நிறையும், உங்களுக்குப் பிடித்தது ஒன்பதாவதில் இருக்கும்.

இரவு விருந்துக்காக மதியம் பட்டினி இருப்பதைத் தவிருங்கள். பசி முற்றிய வயிறு விதிகளைக் கேட்காது. அதேபோல ஒரு நாள் மிகுதியாகச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் வழக்கம்போல் சாப்பிடுங்கள். வேளையைத் தாண்டி ஈடுகட்ட நினைத்தால் மனதில் கணக்குப் புத்தகம் மறுபடி திறந்துகொள்ளும்.

விடுதிக் குளியலறையில் எடை மெஷின் இருந்தால் ஏறாதீர்கள். அது வேறு மெஷின், வேறு நேரம், உங்கள் சராசரியோடு ஒப்பிட முடியாத எண்.

10. திரும்பிய பிறகு பத்து நாள்

குறித்த வேளையில் எழுதத் தொடங்குங்கள். இலக்கு கிளம்புவதற்கு முன் இருந்த அதே எண். 300 குறைத்து வைத்து ஈடுகட்டப் பார்ப்பவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதல் மூன்று நாள் எடை பார்க்காதீர்கள். நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை ஏழு காலை எடை பார்த்துச் சராசரி எடுங்கள். அதைத்தான் மூன்றாம் படியில் எழுதி வைத்த சராசரியோடு ஒப்பிட வேண்டும்.

பொறுமை இல்லாமல் வந்த மறுநாளே மெஷினில் ஏறி, 2.5 கிலோ கூடியிருப்பதைப் பார்த்து மனம் உடைந்தவர்களை அறிவேன். அவர்களோடு உட்கார்ந்து போடும் கணக்கு இது. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. 2.5 கிலோவும் கொழுப்பு என்றால் தேவைக்கு மேல் 19,250 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஏழு நாள் பயணத்தில் தினமும் 2,750 கலோரி கூடுதலாக. அப்படிச் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யோசித்துப் பார்த்து இல்லை என்பார்கள்.

அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரோடு சேர்ந்தே தங்கும். குறைப்பில் இருந்தவருக்குச் சேமிப்பு காலியாகியிருக்கும். அதில் 300 கிராம் நிரம்பினால், 900 கிராம் தண்ணீரும் சேர்ந்து 1.2 கிலோ. கூடுதல் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்தால் கால் வீங்கும். பயணத்தில் மலச்சிக்கல் வருவதும் சகஜம், அதுவும் எடைதான். வழக்கமான உணவுக்கும் தூக்கத்துக்கும் திரும்பிய சில நாட்களில் இவற்றில் பெரும்பகுதி தானாக இறங்கும். மூன்று நாள் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பத்தாம் நாள் இரண்டு சராசரிக்கும் அரைக் கிலோவுக்குள் வித்தியாசம் இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடியிருந்தாலும் இலக்கை மாற்ற வேண்டாம். தினமும் 400 கலோரி பற்றாக்குறையில் இருப்பவருக்கு ஒரு கிலோ ஏறக்குறைய 19 நாள் வேலை. சுழற்சியின் வாரத்தைக் குறித்தவர்கள், இப்போது வேறு வாரத்தில் இருந்தால் அதே வாரம் வரும்வரை முடிவு செய்யாதீர்கள்.

ஆப்பில் இருக்கும் வெற்று நாட்களை நிரப்பத் தோன்றும். "ஒரு நாளைக்கு 2,500-ன்னு போட்டுடலாமா" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். போடாதீர்கள். அது ஊகம் என்பது ஒரு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும், வரைபடத்தில் உண்மை போல நிற்கும். சராசரி எடுக்கும்போது அந்த நாட்களைத் தள்ளிவிட்டு எடுங்கள்.

அந்த வாரத்துக்குள் ஒரு வேலை மட்டும் பாக்கி. விதிகள் எழுதிய சீட்டை எடுத்துப் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த விதி நின்றது, எந்த விதி எந்த நாளில் உடைந்தது, கை எப்போது போனைத் தேடியது. என் கடைசிச் சீட்டில், "பத்து நிமிட விதி பஃபேயில் நிற்கவில்லை, அடுத்த முறை சிறிய தட்டு" என்று இருக்கிறது. சீட்டைப் பயணப் பெட்டியின் உள்பையிலேயே போட்டு வைத்துவிடுங்கள், அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது முதலில் கையில் வரும்.